அப்பாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி: 2 வயசுல இருந்து 6 வயசு வரைக்கும் பிள்ளைக்கு வீட்டுல எதை எந்த வரிசையில சொல்லிக்கொடுக்கறது

இது அப்பாக்களுக்கு. பிள்ளைக்கு 2 வயசுக்கு மேல ஆச்சு, ஏதாவது சொல்லிக்கொடுக்கணும்னு ஆசையும் இருக்கு, எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலன்னா கீழ இருக்கற வரிசையில போங்க.

எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்களுக்கும் இந்த வேலையை நான்தான் பாத்தேன். அப்புறம் நண்பர்கள், சொந்தக்காரங்க, பிள்ளைங்க ஸ்கூல் வாசல்ல பழக்கமான அப்பாக்கள்னு நிறைய பேரு இதை ஆரம்பிக்கறதையும் பாதியில விடறதையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். விடறவங்க முக்கால்வாசி பேரு ஒரே இடத்துலதான் விடறாங்க. முதல் நாளே நோட்டையும் பென்சிலையும் எடுத்து வச்சு 'அ' எழுதுன்னு உக்கார வச்சிடறாங்க, நாலு நாள் கழிச்சு பிள்ளை அப்பா வர்ற சத்தம் கேட்டாலே அம்மா பின்னாடி போய் நிக்குது, உடனே "இவன் என்கிட்ட படிக்க மாட்டேங்கறான், நீயே பாத்துக்கோ"ன்னு முடிஞ்சிடுது. அங்க தப்பா போனது வரிசை மட்டும்தான், கடைசியா வர வேண்டியது முதல்ல வந்துடுச்சு.

சரியான வரிசை இப்படி: கூட இருக்கறது, பேச்சு, புத்தகம், எண்ணிக்கை, கை, அப்புறம் எழுத்து. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னு கிடையாது, ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கும்போதே அடுத்தது அதுமேல சேரும். ஆனா முன்ன பின்ன மாத்தினா வேலை நடக்காது.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தயார் பண்ண வேண்டியது

நேரம்: ஒரு நாளைக்கு 15 நிமிஷம் போதும், ஆனா தினமும் வேணும். லீவு நாள்ல 2 மணி நேரம் மொத்தமா உக்காந்து சரிக்கட்டிடலாம்னு நினைக்கறவங்க நிறைய. சின்னப் பிள்ளைக்கு ஒரே விஷயத்துல கவனம் ரொம்ப நேரம் நிக்காது, இன்னைக்குக் கேட்டது நாளைக்கும் திரும்ப வந்தாத்தான் மனசுல தங்கும். அதனால சின்னதா, அடிக்கடி.

பொருள்: படம் பெருசா இருக்கற கதைப் புத்தகம் ஒரு 8, 10 இருந்தா போதும், லைப்ரரில எடுத்தாலும் சரி. தடியான க்ரேயான், ஒரு பக்கம் காலியா இருக்கற பழைய பேப்பர், அடுக்கி விளையாடற கட்டைங்க, பிசையறதுக்குக் களிமண். வொர்க்ஷீட், ஃப்ளாஷ் கார்டு, படிப்பு ஆப் எதுவும் இப்போதைக்கு வாங்காதீங்க, வாங்கினா அதை முடிக்கணும்ங்கற அவசரம் உங்களுக்கு வந்துடும்.

ஃபோன்: வேற ரூம்ல வச்சிடுங்க. சைலண்ட்ல போட்டு பாக்கெட்ல வச்சுக்கறது பத்தாது. 2017-ல ஒரு ஆய்வு வந்தது, 2 வயசுப் பிள்ளைங்களுக்கு அவங்க அம்மாக்களை ரெண்டு புது வார்த்தை சொல்லிக்கொடுக்கச் சொன்னாங்க, ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நடுவுல ஃபோன் அடிச்சது. அந்த வார்த்தையைப் பிள்ளைங்க கத்துக்கல, தடங்கல் இல்லாம கேட்ட வார்த்தையைக் கத்துக்கிட்டாங்க. இத்தனைக்கும் ரெண்டு வார்த்தையும் காதுல விழுந்தது ஒரே அளவுதான். ஒரு நிமிஷம்தானேன்னு நாம எடுக்கற ஃபோன் கால் பிள்ளைக்கு அங்கயே நூலை அறுத்து விட்டுடுது.

மனைவிகிட்ட ஒரு பேச்சு: இதை விட்டுட்டு ஆரம்பிக்கறவங்கதான் அதிகம். "தினமும் இந்த 15 நிமிஷம் என் பொறுப்பு, நான் தடுமாறினாலும் நீ உள்ள வராத"ன்னு முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க. பக்கத்துல இருந்து "அப்படிச் சொன்னா அவளுக்குப் புரியாதுங்க"ன்னு ஒரு குரல் வந்தா போதும், பிள்ளை உடனே அம்மா பக்கம் திரும்பிடும், நீங்களும் உதவிக்கு வந்தவர் மாதிரி ஆயிடுவீங்க. உதவிக்கு வந்தவர் யாராவது கூப்பிட்டாத்தான் வருவார், பொறுப்பு எடுத்தவர் தினமும் வருவார்.

2. ஒரு வேளையை முழுசா உங்க பேர்ல எடுத்துக்கோங்க

"டைம் கிடைக்கும்போது பாத்துக்கலாம்"னு விட்டா டைம் கிடைக்கவே கிடைக்காது. வீட்டுல ஏற்கனவே தினமும் நடக்கற ஒண்ணோட இதை ஒட்டி வையுங்க. குளிக்க வைக்கறது, ட்ரெஸ் போட்டு விடறது, சாப்பாடு ஊட்டறது, தூங்க வைக்கறது, இதுல ஒண்ணை முழுசா எடுத்துக்கோங்க. முழுசான்னா துண்டு எடுத்து வைக்கறதுல இருந்து ஈரத் தரையைத் துடைக்கற வரைக்கும்.

இது படிப்பு பத்தின வழிகாட்டியாச்சே, குளிக்க வைக்கறது எதுக்குன்னு கேக்கலாம். இந்த வயசுல பேச்சு, எண்ணிக்கை, வரிசை எல்லாமே நடக்கறது இந்த மாதிரி வேலைங்களுக்கு நடுவுலதான். "முதல்ல வலது கை, இப்ப இடது கை, இன்னும் ஒரு பட்டன் பாக்கி இருக்கு"ன்னு சட்டை போட்டு விடும்போது நீங்க சொல்றதுலயே திசை, வரிசை, எண்ணிக்கை மூணும் வந்துடுது, பாடம் நடத்தணும்னு நீங்க நினைக்கவே வேண்டாம்.

வேளையைத் தேர்ந்தெடுக்கும்போது பசி, தூக்கம் ரெண்டையும் பாருங்க. 3, 4 வயசுப் பிள்ளைக்கு பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 10-ல இருந்து 13 மணி நேரம் தூக்கம் வேணும், லேட்டா வீட்டுக்கு வந்து தூக்கக் கலக்கத்துல இருக்கற பிள்ளையை எழுப்பி உக்கார வச்சா ரெண்டு பேருக்கும் கோவம்தான் மிஞ்சும். ராத்திரி வேலைன்னா காலையில எடுத்துக்கோங்க. வேற ஊர்ல வேலைன்னா ஒரே புத்தகத்தை ரெண்டு பிரதி வாங்கி ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு பிள்ளைகிட்ட வச்சுக்கிட்டு வீடியோ கால்ல சேந்து பக்கம் திருப்புங்க. வெறும் "சாப்டியா, சமத்தா இருக்கியா"ங்கற கால் 2 நிமிஷத்துல முடிஞ்சிடும், கையில புத்தகம் இருந்தா பேச விஷயம் இருக்கும்.

3. முதல் 2 வாரம் எதுவும் சொல்லிக்கொடுக்காதீங்க

அப்பாக்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கும். இந்த 2 வாரம் உங்க வேலை, தரையில உக்காந்து பிள்ளை என்ன விளையாடுதோ அதுக்குள்ள போறது மட்டும்தான். கேள்வி கேக்க வேண்டாம், திருத்த வேண்டாம், "இதை விட இப்படிக் கட்டினா நல்லா நிக்கும்"னு கட்டையை வாங்கி அடுக்கிக் காட்டவும் வேண்டாம்.

பாக்கறதை அப்படியே வாயால சொல்லுங்க. "ஓ, சிவப்புக் கட்டை மேல நீலக் கட்டை வச்சிட்ட. ஐயோ, ஆடுது ஆடுது. விழுந்துடுச்சு!" அவ்வளவுதான். பிள்ளை ஒண்ணை நீட்டினா வாங்கிக்கோங்க, ஒரு சத்தம் போட்டா நீங்களும் பதிலுக்கு ஒண்ணு போடுங்க. பிள்ளை ஆரம்பிக்கணும், நீங்க பதில் கொடுக்கணும்.

காரணம் என்னன்னா, அப்பா பக்கத்துல வந்தா ஒண்ணு கண்டிப்பார், இல்ல தூக்கிப் போட்டு விளையாடுவார்னு மட்டும்தான் நிறைய பிள்ளைங்களுக்குத் தெரியும். அமைதியா உக்காந்து என்னைக் கவனிப்பார்னு தெரிஞ்சாத்தான் அப்புறம் நீங்க ஒரு புத்தகத்தை எடுக்கும்போது கிட்ட வந்து ஒட்டிக்கும். தூக்கிப் போட்டு விளையாடறதை நிறுத்தச் சொல்லல, அதுவும் வேணும், அது இந்த 15 நிமிஷத்துக்கு வெளியில இருக்கட்டும்.

பிள்ளை "அம்மாதான் வேணும்"னு அழுதா மனசு விட்டுடாதீங்க, பிடிச்சும் வைக்காதீங்க. போகட்டும், நீங்க அதே இடத்துல உக்காந்து கட்டையை அடுக்கிக்கிட்டு இருங்க. பெரும்பாலும் திரும்பி வரும். வரலன்னா அன்னைக்கு அவ்வளவுதான், நாளைக்கு அதே நேரத்துக்கு அதே இடத்துல உக்காருங்க.

4. பேச்சை வளர்க்கறது

இப்ப கேள்வி கேக்க ஆரம்பிக்கலாம், ஆனா எந்தக் கேள்விங்கறதுலதான் எல்லாம் இருக்கு. "இது என்ன கலர்? இது என்ன மிருகம்? 1, 2, 3 சொல்லு பாப்போம்" எல்லாம் பரீட்சை. பதில் உங்களுக்கே தெரியும்னு பிள்ளைக்கும் தெரியும். அதுலயும் சொந்தக்காரங்க முன்னாடி நிக்க வச்சுக் கேக்கறது ரொம்பத் தப்பு, தெரிஞ்ச பதில் கூட அப்ப வாயில வராது.

பதில் உங்களுக்கும் தெரியாத கேள்வி கேளுங்க. "அந்த பொம்மை ஏன் அங்க தனியா உக்காந்திருக்கு?" 2 வயசுல யாரு, என்ன, எங்க. 3 வயசு தாண்டினதும் ஏன், எப்படி. 4 வயசுக்கு மேல "மழையே வரலன்னா என்ன ஆகும்?" மாதிரி. அதே 2017-ல வந்த வேற ஒரு ஆய்வுல அப்பாக்களை மட்டும் பாத்தாங்க, 2 வயசுப் பிள்ளைகிட்ட என்ன, எங்க, ஏன் கேள்விங்களை அதிகமா கேட்ட அப்பாக்களோட பிள்ளைங்களுக்கு வார்த்தையும் அதிகமா இருந்தது, ஒரு வருஷம் கழிச்சு காரணம் யோசிக்கற திறமையும் நல்லா இருந்தது. யெஸ், நோ-ல முடியற கேள்விக்குப் பிள்ளை தலையை ஆட்டினா போதும், இந்தக் கேள்விக்கு வாயைத் திறந்து ஒரு வாக்கியம் கட்டியாகணும், வித்தியாசம் அங்கதான்.

கேட்டுட்டு காத்திருங்க. மனசுக்குள்ள மெதுவா 5 வரைக்கும் எண்ணுங்க. பெரியவங்களுக்கு அந்த அமைதி தாங்காது, ரெண்டு செகண்ட்லயே பதிலையும் நாமளே சொல்லிடுவோம். பிள்ளை கேள்வியைப் புரிஞ்சுக்கணும், வார்த்தையைத் தேடணும், வாயை அதுக்கு ஏத்த மாதிரி வளைக்கணும், அதுக்கு நேரம் ஆகும்.

பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுங்க. "நாய் ஓது"ன்னு சொன்னா "ஓது இல்லடா, ஓடுது"ன்னு திருத்தாதீங்க. "ஆமாடா, அந்தக் கருப்பு நாய் வேகமா ஓடுது. எங்க ஓடுது?"ன்னு சொல்லுங்க. சரியான உச்சரிப்பும் காதுல விழுந்துடுச்சு, ரெண்டு புது வார்த்தையும் உள்ள போயிடுச்சு, பேச்சும் நிக்கல. திருத்தினா பேச்சு அங்கயே நின்னிருக்கும்.

இன்னொண்ணு. பகல் முழுக்க பிள்ளை கூட இருக்கறவங்களுக்கு அரை வார்த்தையிலயே எல்லாம் புரிஞ்சிடும், கையைக் காட்டினாலே தண்ணி வந்துடும். வேலைக்குப் போயிட்டு வர்ற உங்களுக்கு மழலை பாதி புரியாது. அதைக் குறையா எடுத்துக்காதீங்க. "புரியலயே கண்ணா, எது வேணும், காட்டு"ன்னு நிஜமாவே கேளுங்க. வெளியில இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி பேசற பழக்கம் பிள்ளைக்கு அப்படித்தான் வரும், அந்த இடத்துக்குப் பொருத்தமான ஆள் நீங்கதான்.

வீட்டுல எந்த மொழி உங்களுக்குச் சரளமா வருதோ அதுலயே பேசுங்க. ஸ்கூல்ல வேற மொழின்னு சொல்லி வராத மொழியில நாலு வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் பேசற அப்பாக்களைப் பாத்திருக்கேன், அதுல கதையும் இருக்காது, கொஞ்சலும் இருக்காது. ரெண்டு மொழி கேட்டா பிள்ளை குழம்பிடும்ங்கற பயம் தேவையே இல்ல.

5. புத்தகம் படிச்சுக் காட்டறது

மொத்த வேலையில ஒண்ணே ஒண்ணுதான் பண்ண முடியும்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் பண்ணச் சொல்லுவேன்.

முதல்ல உக்கார்ற விதம். எதிர்ல உக்காந்து புத்தகத்தைத் திருப்பிக் காட்டாதீங்க, அது கிளாஸ் ரூம் ஆயிடும். மடியிலயோ பக்கத்துலயோ உக்கார வச்சு ரெண்டு பேரும் ஒரே பக்கமா பாருங்க. பக்கத்தைத் திருப்பற வேலை பிள்ளையோடது. ரெண்டு பக்கம் சேத்துத் திருப்பினாலும் பரவால்ல. அப்பப்ப எழுத்துக்குக் கீழ விரலை ஓட்டுங்க, கதை படத்துல மட்டும் இல்ல, இந்தக் கோடு கோடா இருக்கறதுலயும் இருக்குன்னும் இடமிருந்து வலமா போகுதுன்னும் சொல்லாமலே தெரிஞ்சிடும்.

ஒரே புத்தகத்தைக் குறைஞ்சது மூணு சுத்து படிக்கணும்.

முதல் சுத்து: நிறுத்தாம கதையைச் சொல்லி முடிங்க. குரலை மாத்திப் பேசுங்க. இங்க கேள்வியே வேண்டாம், கதை என்னன்னு தெரியாத பிள்ளைகிட்ட நடுவுல நடுவுல கேள்வி கேட்டா கதையோட ருசி போயிடும்.

ரெண்டாவது சுத்து: பக்கத்துக்கு ஒரு இடத்துல நிறுத்துங்க. தெரிஞ்ச வரியோட கடைசி வார்த்தையைச் சொல்லாம விட்டா பிள்ளை நிரப்பும். "அந்த யானை மெதுவா... மெதுவா... கதவைத்..." "தட்டுச்சு!" அப்புறம் "இதுல என்ன நடக்குது?"ன்னு படத்தைக் காட்டிக் கேளுங்க. பிள்ளை என்ன சொன்னாலும் முதல்ல ஒத்துக்கோங்க, அதை நீட்டுங்க, நீட்டினதைத் திரும்பச் சொல்ல வையுங்க. "கதவு உடைஞ்சு." "ஆமா, பெரிய கதவு படார்னு உடைஞ்சு போச்சு. எப்படி உடைஞ்சுது?" "படார்னு!"

மூணாவது சுத்து: பிள்ளை சொல்லட்டும், நீங்க கேக்கறவர். இங்கதான் கதையை வீட்டு விஷயத்தோட சேக்கணும். "நமக்கும் ஒரு நாள் கதவு பூட்டிக்கிச்சே, அப்ப என்ன பண்ணோம்?" கண்ணு முன்னாடி இல்லாத ஒண்ணை நினைவுல இருந்து எடுத்து வார்த்தையா மாத்தறது பெரிய வேலை, பின்னாடி தானா படிச்சுப் புரிஞ்சுக்கறதுக்கு அந்தப் பழக்கம்தான் அடிப்படை.

இந்த முறை நானா கண்டுபிடிச்சது கிடையாது. 1988-ல அமெரிக்க உளவியல் ஆய்வாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர் கூட வேலை பாத்தவங்களும், பிள்ளையைப் பேச வச்சு புத்தகம் படிக்கறதுக்குப் பெற்றோருக்குப் பயிற்சி குடுத்துப் பாத்தாங்க, ஒரே மாசத்துல அந்தப் பிள்ளைங்களோட பேச்சு, வழக்கம் போல படிச்சுக் காட்டின வீட்டுப் பிள்ளைங்களை விட நல்லாவே முன்னாடி போயிடுச்சு. ரெண்டு பக்கமும் புத்தகம் படிச்சவங்கதான், யாரு அதிகம் பேசினாங்கங்கறதுதான் வேற.

இங்க நடக்கற தப்புங்க. "திரும்பத் திரும்ப அதே புத்தகமா?"ன்னு சலிச்சுக்கிட்டு மாத்தறது ஒண்ணு. பிள்ளை கேட்டா அதையே படிங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு அதுக்குப் பிடிபடும், அடுத்து என்ன வரும்னு தெரியறதுல ஒரு தைரியமும் இருக்கு. கடைசிப் பக்கம் வரைக்கும் முடிச்சே ஆகணும்னு பிடிச்சு உக்கார வைக்கறது இன்னொண்ணு. 2 வயசுல 3 பக்கம் பாத்துட்டு எழுந்து ஓடினா அதுவே நல்ல நாள். கதை முடிஞ்சதும் "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?"ன்னு நீதி கேக்கறதையும் விட்டுடுங்க. படிக்க சரளமா வராத அப்பாக்கள் படத்தைப் பாத்து சொந்தமா கதை கட்டுங்க, பலன் குறையாது, மேல சொன்ன ரெண்டாவது மூணாவது சுத்துல எழுத்தை விட பேச்சுதான் முக்கியம்.

6. எண்ணிக்கை

"என் பொண்ணு 100 வரைக்கும் சொல்லுவா"ன்னு சந்தோஷப்படற அப்பாகிட்ட நான் ஒண்ணு செஞ்சு பாக்கச் சொல்லுவேன். ஒரு டப்பா நிறைய பட்டனோ கட்டையோ வச்சுட்டு "4 மட்டும் எடுத்துக் குடு"ன்னு கேளுங்க. நிறைய பிள்ளைங்க கை நிறைய அள்ளிக் குடுத்துடும். ஒப்பிக்கறது பாட்டு மாதிரி, எண்ணறது வேற வேலை.

எண்ணறதுக்குள்ள மூணு விஷயம் இருக்கு. எண்களோட வரிசை மாறக்கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், விட்டுடவும் கூடாது, ரெண்டு தடவை தொடவும் கூடாது. கடைசியா சொன்ன எண்தான் மொத்தம். மூணாவதுதான் லேட்டா வரும். "1, 2, 3"ன்னு எண்ணி முடிச்ச பிள்ளைகிட்ட "அப்ப மொத்தம் எத்தனை?"ன்னா மறுபடி முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சா அது இன்னும் வரலன்னு அர்த்தம்.

ஆரம்பிக்கறது 1-ல. "எனக்கு 1 கட்டை குடு." அது தப்பாம வந்தப்புறம் 2. அப்புறம் 3. ஒரு எண்ணுல இருந்து அடுத்த எண்ணுக்குப் போக சில பிள்ளைங்களுக்கு மாசக்கணக்குல ஆகும், அது சாதாரணம், 4 தாண்டினதும் திடீர்னு பிடிச்சுக்கிட்டு ஓடும். அவசரப்பட்டு 10-க்குத் தாவாதீங்க.

எண்ணும்போது பொருளை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் நகத்தி எண்ண வையுங்க, தொட்டது எது தொடாதது எதுன்னு குழப்பம் வராது. எண்ணி முடிச்சதும் நீங்க அழுத்திச் சொல்லுங்க: "1, 2, 3. மொத்தம் 3." படிக்கட்டு ஏறும்போது, மடிச்ச துணி அடுக்கும்போது, ஆளுக்கு ஒரு தட்டு வைக்கும்போது இதுக்குக் குறையே இருக்காது. தட்டு வைக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, ஏன்னா "நாம 4 பேரு, 3 தட்டு இருக்கு, இன்னும் எத்தனை வேணும்?"ங்கறது கணக்குன்னு தெரியாமலே கணக்கு.

கூடவே அதிகம், குறைவு, நீளம், குட்டை, மேல, கீழ, நடுவுல, பின்னாடி எல்லாம் வாயில புழங்கணும். கட்டை அடுக்கி விளையாடறப்போ இது தானா வந்துடும்.

7. கை தயாராகறது

எழுத்துக்கு முன்னாடி கை. பென்சில் பிடிக்கற விரல் வலு 2, 3 வயசுல இருக்காது. அந்தக் கையில பென்சிலைக் குடுத்து எழுதச் சொன்னா முஷ்டியா பிடிச்சு அழுத்தும், கை வலிக்கும், எழுதறதுன்னாலே வெறுப்பு வரும், தப்பான பிடி பழகியும் போயிடும்.

களிமண் பிசையறது, பேப்பரைக் கிழிக்கறது, பட்டன் போடறது, துணிக்குப் போடற க்ளிப்பை அமுக்கறது, மொக்கை முனை கத்தரியால வெட்டறது, இதெல்லாம் விரலுக்கு வேலை. க்ரேயானை ரெண்டா உடைச்சு சின்னத் துண்டா குடுங்க, சின்னதை முஷ்டியில பிடிக்க முடியாது, விரல் நுனி தானா வந்துடும். சுவத்துல பேப்பர் ஒட்டி நின்னுக்கிட்டு வரைய விடுங்க, மணிக்கட்டுக்கு நல்லது.

கோடு வர்ற வரிசை சுமாரா இப்படி இருக்கும்: 2 வயசு வாக்குல நீங்க போடறதைப் பாத்து நெட்டுக்கோடு, 3-ல வட்டம், 4-ல கூட்டல் குறி, 4 தாண்டினதும் சதுரம், 5-ல முக்கோணம். முன்ன பின்ன ஆகலாம். கூட்டல் குறி வராத கையில எழுத்து வராது, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி சண்டை குறையும். இடது கைப் பிள்ளையை வலது கைக்கு மாத்தாதீங்க.

8. கடைசியா எழுத்து

இங்கயும் ரெண்டு படி இருக்கு, முதல்ல காது, அப்புறம் கண்ணு.

காதுக்கு: வார்த்தையைக் கைதட்டி உடைங்க. அப்-பா, ரெண்டு தட்டு. பட்-டாம்-பூச்-சி, நாலு தட்டு. அது வந்தப்புறம் முதல் சத்தம். "பந்து, படம், பல்லு, எல்லாம் எந்தச் சத்தத்துல ஆரம்பிக்குது?" இதுக்குப் பேப்பரே வேண்டாம், வண்டியில போகும்போது விளையாடலாம். வார்த்தைங்கறது சத்தங்களா உடையும்னு காதுக்குத் தெரிஞ்சாத்தான் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு உருவம் இருக்குங்கறது அர்த்தமாகும், இல்லன்னா எழுத்து வெறும் படமா மனப்பாடம் ஆகும்.

கண்ணுக்கு: பிள்ளையோட பேர்ல ஆரம்பிங்க. அதோட பையில, தண்ணி பாட்டில்ல, கட்டில் மேல பேரை எழுதி ஒட்டுங்க. உலகத்துலயே அதுக்கு ரொம்ப முக்கியமான வார்த்தை அது. அப்புறம் அப்பா, அம்மா. கூடுமான வரைக்கும் வார்த்தையோட சேத்தே காட்டுங்க.

247 எழுத்தையும் அட்டவணை வரிசையில நடத்தணும்னு நினைக்காதீங்க, அது எழுத்தையெல்லாம் வகை பிரிச்சு அடுக்கி வச்ச வரிசை, கையோட சுலபத்தைப் பாத்து வச்சது இல்ல. 'அ'-வுல சுழி, வளைவு, கோடு மூணும் சேந்து வருது, 'இ' அதை விடக் கஷ்டம். எழுதறதுக்கு ட, ப மாதிரி நேர்க்கோடு எழுத்துல ஆரம்பிச்சு ம, ய-ன்னு போங்க. நாலஞ்சு எழுத்து வந்ததுமே படம், பட்டம், மடம்னு வார்த்தை படிக்க முடியும், தானா ஒரு வார்த்தையைப் படிச்சுட்ட பிள்ளையோட முகத்தை ஒரு தடவை பாத்தா அப்புறம் நீங்க இந்த வேலையை விடமாட்டீங்க.

ந, ன, ண மூணையும் ஒரே வாரத்துல காட்டாதீங்க, ல, ள, ழ-வும் அப்படித்தான். ஒண்ணு உறுதியானப்புறம் அடுத்தது. எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினா பதறாதீங்க, 6, 7 வயசு வரைக்கும் அது சகஜம். அதே எழுத்தை 20 தடவை எழுதச் சொல்லாதீங்க, நாலாவதுக்கு மேல கை மட்டும்தான் ஓடும், கவனம் இருக்காது.

9. ஸ்கூல்ல சேந்தப்புறம்

கொண்டு விடறது உங்க வேலைன்னா, சிரிச்ச முகமா ஒரு டாட்டா சொல்லிட்டுக் கிளம்புங்க, எப்ப வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. பிள்ளை திரும்பிப் பாக்காத நேரமா பாத்து நழுவிடாதீங்க, அடுத்த நாள் உங்க காலைப் பிடிச்சுக்கிட்டு விடவே விடாது.

"இன்னைக்கு என்ன படிச்ச?"ன்னா "ஒண்ணும் இல்ல"ன்னுதான் பதில் வரும். "பக்கத்துல யாரு உக்காந்தா? யாராவது அழுதாங்களா? எந்த விளையாட்டு விளையாடினீங்க?"ன்னு சின்னதா கேளுங்க.

டீச்சர்கிட்ட உங்க நம்பரையும் குடுத்து வையுங்க. அம்மா நம்பர் மட்டும் இருந்தா எல்லாச் செய்தியும் அவங்களுக்கே போகும், உங்களுக்கு எதுவும் தெரியாமலே ஒரு வருஷம் ஓடிடும். மீட்டிங்குக்குப் போனா மார்க், எழுத்து பத்தி கேக்கறதை விட "மத்த பிள்ளைங்க கூட சேருதா, உதவி வேணும்னா வாயத் திறந்து கேக்குதா, எதுல ரொம்ப நேரம் உக்காருது?"ன்னு கேளுங்க. இந்த மூணுக்கும் வர்ற பதிலை வச்சு வீட்டுல எதைச் சேக்கணும்னு தெரிஞ்சிடும்.

10. நடுவுல வர்ற சிக்கல்கள்

நாள் விட்டுப்போச்சுன்னா: அடுத்த நாள் அதே 15 நிமிஷம். விட்டதைச் சேத்து அரை மணி நேரம் பண்ணாதீங்க.

டிவி, ஃபோன்: 1 வயசுக்குக் கீழ ஸ்க்ரீன் வேண்டவே வேண்டாம், 2-ல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது. உங்க 15 நிமிஷத்தை ஸ்க்ரீனை நிறுத்தின உடனே வைக்காதீங்க, அப்ப அழுகையோட ஆரம்பிக்கும். முன்னாடி வையுங்க.

பரிசு: "இதை எழுதினா சாக்லேட்"னு ஒரு தடவை சொன்னா அடுத்த தடவை சாக்லேட் இல்லாம பென்சில் எழும்பாது. "ரொம்ப நேரம் விடாம முயற்சி பண்ண, பாத்தேன்"னு பாத்ததைச் சொல்லுங்க, அது போதும்.

ஒப்பிடறது: அண்ணன், அக்கா, பக்கத்து வீடு எதோடயும் வேண்டாம், பிள்ளை காதுல விழற தூரத்துல நிச்சயமா வேண்டாம்.

ரெண்டு பிள்ளைங்க இருந்தா: புத்தகத்தைச் சேத்து வச்சுப் படிக்கலாம், சின்னதுக்குப் படம், பெரிசுக்குக் கேள்வி. ஆனா வாரத்துல ரெண்டு மூணு நாளாவது ஒவ்வொண்ணுக்கும் தனியா கொஞ்ச நேரம் வேணும், இல்லன்னா வேகமா பதில் சொல்றது பெரிசாவே இருக்கும், சின்னது வாயை மூடிக்கும்.

11. எப்ப டாக்டர்கிட்ட போகணும்

தினமும் பக்கத்துல உக்கார்ற அப்பாவுக்குத்தான் சில விஷயம் சீக்கிரம் கண்ணுல படும். 2 வயசு முடிஞ்சும் "அப்பா வா", "பால் வேணும்" மாதிரி ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லலன்னா, பேர் சொல்லிக் கூப்பிட்டா அடிக்கடி திரும்பலன்னா, 3 வயசாகியும் வெளி ஆளுங்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியலன்னா, புத்தகத்தை மூக்குக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பாத்தா, எந்த வயசுலயும் ஏற்கனவே பேசின வார்த்தைங்க காணாம போச்சுன்னா, காத்திருக்காதீங்க. "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசினோம்"னு பெரியவங்க சொல்லுவாங்க, அவங்க மனசு நோகாம கேட்டுட்டு குழந்தை டாக்டர்கிட்ட போயிடுங்க.

பேச்சு பத்தின சந்தேகம்னா முதல்ல காது டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க, காது சரியா கேக்காத பிள்ளையைப் பிடிவாதம், கவனம் இல்லன்னு திட்டறது நிறைய வீட்டுல நடக்குது. போறதுக்கு முன்னாடி பிள்ளை வீட்டுல விளையாடிக்கிட்டே பேசறதை ரெண்டு மூணு நிமிஷம் வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, டாக்டர் ரூம்ல பிள்ளை வாயைத் திறக்காது, வீடியோ இருந்தா அவங்களுக்கு நிலைமை புரியும். எந்த வார்த்தை எப்ப இருந்து சொல்லுது, எதை நிறுத்திடுச்சுன்னு ஒரு சின்னப் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க.